இன்னும் வேலை முடியாத காகிதங்கள்

தீபாவளிக்கு மறுநாள் தெருவைக் கூட்டிக் குவிக்கிற காகிதத்தில் எழுத்து இருக்கும். குனிந்து எடுத்துப் பார்த்தால் ஒரு பையனின் வகுத்தல் கணக்கு, அதன் மேல் ஆசிரியர் போட்ட சிவப்பு மைக் கோடு, எந்த ஊரோ ஜவுளிக்கடைப் பில்லில் பாதி, தேதி மட்டும் தப்பிய செய்தித்தாள். வெடிக்குழாய் என்பது காகிதச் சுருள்தான். நெடுங்காலம் அந்தக் காகிதத்தில் பெரும்பங்கு பழைய பேப்பர் கடை வழியாக வந்தது. பள்ளிக்கூடம் கழித்துப் போட்ட விடைத்தாள், கடைக்காரர் எடைக்குப் போட்ட பேரேடு, பெரியவர் இறந்தபின் பரணிலிருந்து இறக்கிய கட்டுகள் எல்லாம் ஊர் ஊராகத் திரண்டு சிவகாசிப் பக்கம் வந்து, பசை தடவப்பட்டு, கம்பியில் உருட்டப்பட்டு, வெயிலில் காய்ந்து, மருந்தை வயிற்றில் வாங்கிக்கொண்டு மறுபடி ஊர் ஊராகப் போயின. தமிழ்நாட்டில் ஏட்டுக்கும் காகிதத்துக்கும் கரையான்தான் எதிரி என்று படித்து வளர்ந்தவன் நான். இந்த வட்டாரத்தில் அதைவிடப் பெரிய எதிரி கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்கிற விலை. அதே வட்டாரம்தான் நாடு முழுவதற்கும் காலண்டரும் டைரியும் லேபிளும் கணக்கு நோட்டும் அச்சடித்து அனுப்புகிறது. ஆடிப்பெருக்கு அன்று பூஜை போட்டு அடுத்த வருஷத்துக் காலண்டர் ஆல்பத்தை வெளியிடுவார்கள். வரப்போகிற நாட்களை எல்லோருக்கும் முன்னால் அச்சில் பார்த்துவிடுகிற ஊர் அது. கடந்த நாட்களைப் பற்றி அந்த ஊரின் கைகளில் என்ன காகிதம் மிஞ்சியிருக்கிறது என்ற கேள்விதான் கொஞ்ச காலமாக என்னைத் தொந்தரவு செய்கிறது. மிஞ்சியிருப்பதை யார் கேட்கலாம், கேட்டால் கொடுக்க வேண்டுமா என்பது அதைவிடப் பெரிய தொந்தரவு.

வரலாற்றுக் காப்பகங்கள் வீடுகளைத் தேடி வரத் தொடங்கியிருக்கும் காலம் இது. ஒரு காலத்தில் காப்பகம் என்றால் எழும்பூர்ச் சிவப்புக் கட்டடம், அரசாணை, கலெக்டர் கடிதம் என்று இருந்தது. கோட்டையூரில் விளம்பரப் பலகை எழுதிப் பிழைத்த ரோஜா முத்தையா தனி ஆளாக, பழைய பேப்பர் கடைக்காரர்களோடு போட்டி போட்டு, புத்தகங்களோடு கல்யாணப் பத்திரிகையையும் நாடக நோட்டீசையும் கடிதங்களையும் சேர்த்தார். 1992இல் அவர் இறந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கித் தமிழ்நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகாமல் 1994இல் சென்னையிலேயே நூலகமாக்கியது. உ.வே.சா.வுக்கு வந்த கடிதங்கள் ஆ. இரா. வேங்கடாசலபதியின் பதிப்பில் கருவூலமாக வந்தன. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் ஸோயி ஹெட்லியும் மற்றவர்களும், பிரிட்டிஷ் நூலகத்தின் அழிநிலை ஆவணத் திட்ட நிதியில், பழைய தமிழ் ஸ்டுடியோக்களின் படங்களைத் தேடிப் பிரதி எடுத்தார்கள். 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைப் பார்த்த சமூகம், நூலகம் என்ற பெயரிலேயே இணையத்தில் ஒரு காப்பகத்தைக் கட்டிக்கொண்டது. எல்லாம் மனசுக்கு நிறைவான காரியங்கள். ஆனால் இந்தத் தேடல் விருதுநகர், சிவகாசி, சாத்தூர்ப் பக்கம் திரும்பும்போது முதலில் என்ன வந்து சேரும் என்பது எனக்குத் தெரியும். பொன்விழா மலர்கள். கோட்டும் தலைப்பாகையுமாக நிற்கும் நிறுவனர் படம். சாதிப் பொதுநிதியான உறவின்முறை மகமையின் கணக்கு. லேபிள் ஆல்பம். அருப்புக்கோட்டையிலிருந்து வந்த ‘நாடார் குல மித்திரன்’ இதழ்கள். அவை வரத்தான் வேண்டும். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தது இந்த வறண்ட மண்ணின் பெரிய கதைகளில் ஒன்று. மானாவாரிக் கரிசலில் மழை பொய்த்த ஊர்களுக்கு அந்தப் பயணம் சோறு போட்டது. அந்தக் கதைக்கான கடிதம் ஒன்று எங்காவது இருந்தால் அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கலாம். அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் எதை வைப்பது என்பதில்தான் எனக்கு இடறுகிறது.

எளியவர்கள் இதுவரை ஆவணத்துக்குள் வந்த வழியைப் பார்த்தால் அது பெரும்பாலும் வழக்காகவே இருக்கிறது. 1899 ஜூன் 6 அன்று நாடார்களைக் குறிவைத்து நடந்த சிவகாசிக் கொள்ளையைப் பற்றி நமக்குக் கிடைக்கும் விவரங்களில் பெரும்பகுதி போலீஸ் அறிக்கை, ஜில்லா அதிகாரிகளின் கடிதம், தீர்ப்பு ஆகியவற்றில் இருக்கிறது. கொள்ளையடித்தவன் குற்றவாளிப் பட்டியலில் ஒரு பெயர், வீடிழந்தவன் நஷ்டக் கணக்கில் ஒரு தொகை. பூமணி ‘அஞ்ஞாடி’ எழுதியபோது அந்தப் பட்டியல்களுக்குள் இறங்கி, அங்கிருந்து மனிதர்களை வெளியே கொண்டுவர ஆயிரம் பக்கங்களுக்கு மேல் தேவைப்பட்டது. ஒரு நாவலாசிரியர் அத்தனை உழைத்துக் கற்பனையால் நிரப்பியதில் ஒரு பகுதியை அன்றைக்கு எழுதப்பட்ட நான்கு கடிதங்கள் செய்திருக்கும். போதாதற்கு இந்த மண்ணின் ஆவணங்கள் ஊர் மாறிக்கொண்டே இருந்தன. அந்தக் கொள்ளை நடந்தபோது சிவகாசி திருநெல்வேலி ஜில்லா. 1910இல் ராமநாதபுரம் ஜில்லா உருவானது, அதன் கலெக்டர் ஆபீஸோ நெடுங்காலம் மதுரையில் இருந்தது. 1985இல்தான் விருதுநகரைத் தலைநகராகக் கொண்ட மாவட்டம். ஒரு குடும்பம் நிலத்தகராறுக்காகப் பாட்டன் காலத்துக் காகிதத்தைத் தேடினால் மூன்று ஊர்ப் படிகளில் ஏற வேண்டும். எளியவர்கள் வழக்காக மட்டும் ஏட்டில் ஏறும் கதை அதற்குப் பிறகும் மாறவில்லை. எம்.சி. மேத்தா தொடுத்த குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில் தீர்ப்புச் சொன்னபோது, ஆபத்தான வேலையில் வைத்திருந்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி இருபதாயிரம் ரூபாய் கட்ட வேண்டும் என்று வந்தது. சட்டப் புத்தகத்தில் அந்தக் குழந்தைகள் ஒரு பெருக்கல் கணக்கின் எண்ணிக்கை. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி பட்டாசு ஆலை விபத்தும் ஒரு தேதியாகவும் எண்ணாகவும்தான் எங்கும் பதிவாகியிருக்கிறது. செத்தால், அடிபட்டால், கைதானால் மட்டும் காகிதத்தில் ஏறுகிற மக்கள் மற்ற நாட்களில் எதை எழுதி வைத்திருந்தார்கள்?

எழுதி வைத்திருந்தார்கள் என்று சொல்ல முடியாது, வாங்கி வைத்திருந்தார்கள். கல்லூரியில் வரலாறு நடத்துகிற நண்பர் ஒருவர், மாணவர்களை வைத்து வட்டாரக் காப்பகம் ஒன்றைத் தொடங்கும் ஆசையில் வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டிருந்தார். சிவகாசிக்குக் கிழக்கே ஒரு கிராமத்துக்கு அவரோடு நானும் போனேன். வயதான அம்மா, பதினாலு வயதில் தீப்பெட்டி ஆபீஸில் கட்டை அடுக்கத் தொடங்கி, பிறகு பயராபீஸ் என்கிற பட்டாசு ஆலையில் திரி வைத்து, இப்போது கண் சரியில்லாமல் வீட்டில் இருப்பவர். பரணிலிருந்து எடுத்துத் தந்தது ஒரு கல்யாண வீட்டு மஞ்சப்பை. உள்ளே மடித்து மடித்து மடிப்பில் கிழிந்துபோன காகிதங்கள். ரேஷன் கார்டு, அதற்கு முந்தைய ரேஷன் கார்டு. மகளிர் குழுப் பாஸ்புக். வாரச்சீட்டுக்காரர் கொடுத்த அட்டை, கட்டம் கட்டமாக அடித்துக் கிறுக்கியது. பெட்டி ஒட்டிய கணக்கைக் குறித்துத் தந்த துண்டுச் சீட்டுகள் ரப்பர் பேண்டில்; ரப்பர் உருகிக் காகிதத்தோடு ஒட்டியிருந்தது. மூத்த மகனின் ஆஸ்பத்திரிச் சீட்டு, மதுரைப் பெரியாஸ்பத்திரி முத்திரையோடு. பிரேதப் பரிசோதனை அறிக்கையின் ஜெராக்ஸ், ஜெராக்ஸின் ஜெராக்ஸ், எழுத்து சாம்பலாகி நடுவில் வெளுத்துப்போனது. நஷ்டஈட்டு மனு. அந்த மனுவை எழுதிக் கொடுத்தவரின் கையெழுத்து அழகாக இருந்தது, முத்து முத்தாக, சுழி எல்லாம் ஒரே அளவில். அந்தப் பை முழுவதிலும் ஒரு முழு வாக்கியம் அந்த மனுவில்தான் இருந்தது. நண்பர் விளக்கினார்: இதெல்லாம் வரலாறும்மா, பத்திரமா வைப்போம், பிற்காலத்துல படிக்கிற பிள்ளைகளுக்கு உதவும். அந்த அம்மா நிதானமாகக் கேட்டார். “இத நீங்க கொண்டுபோயிட்டா, ஆபீஸுல இருந்து கேட்டா நா எதய்யா காட்டுவேன்?” இன்னும் கேட்பார்களா என்றார் நண்பர். “கேப்பாகன்னுதானய்யா வச்சிருக்கேன்.”

அந்தப் பதில் காப்பகம் என்கிற ஏற்பாட்டின் அடிப்படையையே அசைத்துவிட்டது என்று நினைக்கிறேன். தனிநபர் காகிதங்களை ஒரு நிறுவனம் பெறுகிறது என்றால் அந்தக் காகிதங்களின் வேலை முடிந்துவிட்டது என்று பொருள். எழுதியவரும் பெற்றவரும் போய்விட்டார்கள், கடன் தீர்ந்துவிட்டது, வழக்கு முடிந்துவிட்டது, இனி ஆய்வாளர் மட்டுமே படிப்பார். வசதியான வீட்டுக் காகிதங்கள் அப்படி ஓய்வு பெறும். ஏழை வீட்டில் காகிதம் ஓய்வு பெறுவதில்லை. முப்பது வருஷத்துக்கு முந்தைய துண்டுச் சீட்டு நாளைக்கு ஓய்வூதியத்துக்கோ, வயதை நிரூபிக்கவோ, அந்த ஆபீஸில் வேலை பார்த்தேன் என்று ஒரு அதிகாரியை நம்பவைக்கவோ தேவைப்படலாம். உள்குத்தகைக்கு விட்ட ஷெட்டில் வேலை பார்த்த ஆளுக்குத் தொழிற்சாலைப் பதிவேட்டில் பெயரே இருக்காது. அவர் அங்கே இருந்தார் என்பதற்கு அந்தச் சீட்டுதான் சாட்சி. வாரச்சீட்டுக்காரரின் கடன் அட்டையில் இன்னொரு சிக்கல். அதில் கொடுத்தவரின் பெயரும் இருக்கிறது. அவர் அடுத்த தெருவில் இருக்கிறார், பேரனுக்குக் காது குத்துக்கு இந்த அம்மாவையும் அழைப்பார். கந்துவட்டியின் வரலாற்றை எழுத அந்த அட்டையைப் போல ஒரு ஆவணம் கிடையாது. அதைப் பொதுவில் வைத்த மறுநாள் அந்த அம்மா அந்தத் தெருவில் நடப்பது எப்படி? வரலாற்றாசிரியருக்குக் கிடைக்கும் அறிவுக்கு இவர் கொடுக்கும் விலை அது. அந்த விலையை யாரும் ரசீதில் எழுதுவதில்லை.

புகைப்படங்களில் இது இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் உலகம் முழுக்கப் போயிருக்கிறார்கள், படமாக. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தீப்பெட்டிக் குழந்தைகள் என்றால் வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்கு ஒரு படம் வேண்டும்: சட்டத்தில் குச்சி அடுக்கும் விரல், பின்னால் மங்கலான முகம். சலம் பென்னுர்கர் 1990இல் எடுத்த ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ ஆவணப்படம் அந்த முகங்களை அன்போடும் கோபத்தோடும் பார்த்தது. அதன் மீது எனக்கு மரியாதை உண்டு. அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது நாற்பதுக்கு மேல் வயது. அவர்களின் பத்து வயது முகம் எங்கெங்கோ காப்பகங்களில் பெயரில்லாமல் பத்திரமாக இருக்கிறது, அவர்கள் வீட்டில் இருக்காது. வீட்டுச் சுவரில் இருப்பது வேறு படம். பொங்கலுக்கோ போனஸ் வாங்கிய மறுநாளோ ஸ்டுடியோவுக்குப் போய், மலையும் குளமும் வரைந்த திரைக்கு முன்னால், இரவல் கைக்கடிகாரம் கட்டி, பவுடர் கழுத்தோடு நின்றுவிட்ட படம். ரேடியோ மேல் ஒரு கை. தங்கச்சி பெரியவள் ஆனபோது எடுத்தது, தாழம்பூ ஜடையைக் காட்டக் கண்ணாடி முன் நிறுத்தி. இந்தப் படங்களில் யாருமே தொழிலாளி இல்லை. மருந்து ஒட்டிய நகம் தெரியாதபடி விரலை மடக்கி வைத்திருப்பார்கள். வந்தவர்கள் எடுத்த படத்துக்கும் இவர்கள் காசு கொடுத்து எடுத்துக்கொண்ட படத்துக்கும் நடுவில் இருக்கும் தூரம்தான் இந்த மண்ணின் வரலாறு என்று எனக்குப் படுகிறது. காப்பகத்தில் முதல் வகை நிறைய வந்துவிட்டது. இரண்டாம் வகை வராவிட்டால் பிற்காலம் இவர்களைப் பாவப்பட்ட விரல்களாக மட்டுமே அறியும். ஆனால் ஸ்டுடியோக்களும் போய்க்கொண்டிருக்கின்றன. டிஜிட்டல் வந்ததும் நெகட்டிவ் கட்டுகளை அதிலிருக்கும் வெள்ளிக்காக விற்றவர்கள் உண்டு. அதற்கும் முந்தைய கண்ணாடித் தகடுகளைக் கழுவி, படம் மாட்டும் ஃபிரேமுக்கே கண்ணாடியாகப் போட்டவர்களும் உண்டு. ஒருவர் முகத்தைக் கழித்து இன்னொருவர் முகத்தை மூடுவது. மிஞ்சியவற்றிலும் உறையின் மேல் நம்பர்தான் இருக்கிறது.

விருதுநகரில் காமராசரின் வீடு நினைவு இல்லமாக இருக்கிறது, சுவரெல்லாம் படங்கள். அவரைச் சுற்றி நிற்கிற கூட்டத்தையே நான் அதிகம் பார்ப்பேன். மாலைக்காக எக்கும் கை, குடை பிடித்திருக்கும் பையன், முக்காட்டோடு பின்வரிசையில் ஒரு பெண். அந்தக் கூட்டத்தில் ஒருவருக்கு இடமிருந்து வலமாகப் பெயர் கிடைத்தால் என்ன ஆகும் என்று யோசிப்பேன். அந்த அம்மாவின் மஞ்சப்பைக்குள்ளும் ஒரு படம் இருந்தது. கல்யாணக் குரூப் போட்டோவிலிருந்து கத்திரியால் வெட்டியது, பாஸ்போர்ட் அளவு. தோளில் வேறொருவரின் கை ஒட்டிக்கொண்டு வந்திருந்தது, விரல்கள் மட்டும். மனுவோடு ஒட்ட ஒரு படம் கேட்டார்களாம். மகனுக்குத் தனிப்படம் கிடையாது. சுவரில் அந்தக் குரூப் போட்டோ இன்னும் மாட்டியிருக்கிறது, ஒருவர் இருந்த இடத்தில் செவ்வகமாகப் பின் அட்டை தெரிய. அதை அப்படியே விட்டிருக்கிறார்கள். எந்த அருங்காட்சியகமும் அதைக் கேட்டு வாங்கிவிடும், விளக்கு போட்டு வைக்கும், பார்க்கிறவர்கள் கலங்குவார்கள். நண்பர் அதைக் கேட்கவில்லை. கேட்காதது சரி என்று அன்றைக்கே தோன்றியது, இன்றைக்கும் தோன்றுகிறது. பிரதி எடுக்கலாமா என்று மட்டும் கேட்டார். அந்த அம்மா கொஞ்ச நேரம் படத்தைப் பார்த்துவிட்டு, வெட்டின படத்தை அந்த ஓட்டையில் வைத்து எடுங்க என்றார். அப்படியே எடுத்தோம். தோளில் இருந்த விரல்கள் கைக்குத் திரும்பின.

அழிநிலை ஆவணத் திட்டம் 2004இல் தொடங்கியபோதே அசல் அந்த நாட்டைவிட்டுப் போகக் கூடாது, பிரதி மட்டும் போதும் என்று வைத்துக்கொண்ட விதி பெரிய விவேகம். காலனிக் காலத்தில் ஏடும் சிலையும் கப்பலேறியதற்கு அது ஒரு வகைப் பரிகாரம். ஆனாலும் பிரதிக்கும் யோசனை வேண்டும். பிரதி எடுத்த காகிதம் ஊரில் பையோடு இருக்க, அதன் நிழல் லண்டன் சர்வரில் யாரும் தேடக்கூடியதாக இருக்கும். சாதிப்பெயரைத் தட்டினாலும் கந்துவட்டி என்று தட்டினாலும் வரும். உயிரோடு இருப்பவர்களின் காகிதத்தை அவர்கள் காலம்வரை மூடி வைப்பது, பெயரை மறைத்துக் காட்டுவது, வேண்டாம் என்றால் எந்த நாளிலும் எடுத்துவிடுவது, இதையெல்லாம் வாயால் விளக்கி, படிக்கத் தெரியாதவருக்குப் பிள்ளைகள் முன்னிலையில் விளக்கி, அதன் பிறகே கைநாட்டு வாங்க வேண்டும். அச்சடித்த படிவத்தில் புள்ளியிட்ட இடத்தைக் காட்டி இங்கே போடுங்கம்மா என்றால் அது ஏற்கெனவே அவர் கைநாட்டு வைத்த எல்லாக் காகிதங்களையும் போல இன்னொன்று. அந்த அம்மாவுக்கு அப்படிப்பட்ட காகிதங்கள் போதுமான அளவு இருக்கின்றன.

பெயரை மறைப்பதா வெளியிடுவதா என்பதில் எனக்கு இன்னும் முடிவு வரவில்லை. மறைத்தால் பாதுகாப்பு. ஆனால் இந்த மக்களுக்கு இதுவரை நடந்த அநியாயமே பெயரில்லாமல் போனதுதான். 1888 ஜூலையில் லண்டனின் பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டி ஆலைப் பெண்கள் சுமார் 1,400 பேர் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். வெண் பாஸ்பரஸ் தாடை எலும்பைத் தின்னும் ஆலை அது. பின்னால் அடையாறுக்கு வந்து நம் எல்லோருக்கும் தெரிந்தவரான அன்னி பெசன்ட் அவர்களைப் பற்றி எழுதியதால் நெடுங்காலம் அது பெசன்ட் நடத்திய வேலைநிறுத்தமாகவே சொல்லப்பட்டது. ஆனால் வேலைநிறுத்த நிதியைப் பங்கிட்டுக் கொடுத்த பதிவேடு ஒன்று தப்பிவிட்டது. பிரிட்டிஷ் தொழிற்சங்கப் பேரவையின் நூலகச் சேகரிப்பில் இருக்கும் அந்தப் பதிவேட்டில் பெண்களின் பெயர், முகவரி, செய்த வேலை, வாங்கிய கூலி எல்லாம் வரிவரியாக இருக்கின்றன. நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து லூயிஸ் ரா என்ற ஆய்வாளர் அந்தப் பெண்களின் வழித்தோன்றல்களைத் தேடிப் போய்ப் பேசி, போராட்டத்தை நடத்தியவர்கள் அந்தப் பெண்களே என்று எழுதினார். யாரும் காப்பகத்துக்காக எழுதாத கணக்கு நோட்டு அது. இன்னாருக்கு இவ்வளவு கொடுத்தாயிற்று என்று எழுதியதே அந்தப் பெண்கள் இருந்ததற்குச் சாட்சியாகிவிட்டது. சிவகாசி வட்டாரத்தில் அதற்கு இணையான காகிதம் ஒன்று உண்டென்றால் அது வீட்டு மஞ்சப்பையில் பாதியும் ஆபீஸ் கூலிப் பதிவேட்டில் பாதியுமாக இருக்கும்.

அதனால் நண்பரிடம் ஒன்று சொன்னேன். வீடுகளில் கேட்பதற்கு முன் ஆபீஸ்களில் கேளுங்கள். பொன்விழா மலரையும் நிறுவனர் படத்தையும் தர முன்வரும் ஒவ்வொரு குடும்பத்திடமும் அந்த வருஷங்களின் வருகைப் பதிவேட்டையும், கட்டைக் கணக்கு நோட்டையும், முன்பணப் பேரேட்டையும் சேர்த்துக் கேளுங்கள். ஓய்வுபெற்ற கணக்குப்பிள்ளைகள் சிலர் வீட்டில் பழைய நோட்டுகள் இருக்கும், பழைய பேப்பர்காரர் வருவதற்கு முன் அங்கே போய்விடுங்கள். தருகிறவர்கள் இருப்பார்கள் என்று நம்புகிறேன்; இந்த ஊர் முதலாளிகளிலேயே பெட்டி ஒட்டி மேலே வந்த குடும்பங்கள் உண்டு, அவர்களுக்குத் தங்கள் பாட்டியின் பெயரை அந்த நோட்டில் பார்க்க ஆசை இருக்கும். தரமாட்டோம் என்பவர்களும் இருப்பார்கள், எரித்துவிட்டோம் என்பார்கள், எடைக்குப் போட்டுவிட்டோம் என்பார்கள். நண்பர் இப்போது ஒரு பேரேடு வைத்திருக்கிறார். இடது பக்கம் வந்த காகிதங்கள். வலது பக்கம் கேட்டும் வராதவை: எந்த ஆபீஸ், எந்த வருஷத்துப் பதிவேடு, கேட்ட தேதி, சொன்ன பதில். வலது பக்கம் வேகமாக நிரம்புகிறது என்றார். அந்தப் பக்கத்தையும் காப்பகத்தின் வரவுப் பட்டியலில் வரிசை எண் போட்டுச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.